பெஞ்சை ஒதுக்கிவிட்டு ஆடினோம், இப்போது எல்லோருக்கும் கட்டாயம் என்கிறார்கள்

வாசகரின் கடிதம், சுருக்கமாக

மேற்கு மாவட்டம் ஒன்றில், தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 44, பதினாறு வருட அனுபவம். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

போன மே விடுமுறையில் ஆசிரியர்களுக்கென்று ஒரு நாடகக் குழு நடத்திய மூன்று நாள் உடலசைவுப் பட்டறைக்குப் போயிருக்கிறார். நடப்பது, சட்டென்று நிற்பது, எதிரில் இருப்பவர் செய்வதை அப்படியே திருப்பிச் செய்வது, கைதட்டித் தாளம் பிடிப்பது, கடைசியில் கும்மி, இவ்வளவுதான். இரண்டாம் நாள், முன்பின் தெரியாத ஒரு டீச்சரோடு முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொன்னபோது, காரணமே தெரியாமல் அழுகை வந்திருக்கிறது. அன்று ராத்திரி பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கியிருக்கிறார். பயிற்சியாளர் “பத்து வருஷ சோகம் உடம்பை விட்டு வெளியே போயிடுச்சு” என்று சொன்னாராம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் சக ஆசிரியைகள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, புதன்கிழமைதோறும் கடைசி பஸ் ட்ரிப் கிளம்பிய பிறகு ஐந்தாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அரை மணி நேரம் அதையெல்லாம் செய்துபார்க்க ஆரம்பித்தார்கள். “அந்த ஒரு நாள்தான் வீட்டுக்குப் போய் யார் மேலேயும் எரிந்து விழாமல் இருக்கிறேன்” என்று எழுதுகிறார். முடிவில் வட்டமாக உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பகிர்ந்துகொள்வார்கள். அப்படி ஒரு நாள், கணக்கு எடுக்கும் தோழி ஒருவர் கணவரின் குடியையும் அவர் கைநீட்டுவதையும் சொல்லி அழுதிருக்கிறார். இரண்டே நாளில் விஷயம் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவி, ஆபீஸில் வேலை பார்ப்பவர்கூட அவரிடம் துக்கம் விசாரித்திருக்கிறார். அதிலிருந்து அந்தத் தோழி புதன்கிழமை வருவதும் இல்லை, இவரிடம் பேசுவதும் இல்லை.

இதற்கு நடுவில் பிரின்சிபாலுக்கு இந்தப் பயிற்சி பிடித்துப்போய், அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை மதியம் 34 ஆசிரியர்களும் கட்டாயம் வர வேண்டும், வருகைப்பதிவு உண்டு, போட்டோ எடுத்து பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட வேண்டும், இவரே நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். கரஸ்பாண்டென்ட் சொல்லித்தான் வகுப்பறைகளில் இருந்து ஆசிரியர் நாற்காலியை எடுத்தார்கள் என்பதையும் கடிதத்தின் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில்தான் அவருடைய உடம்பைப் பற்றி வருகிறது. இரண்டு மாதமாகக் குரல் கம்மியே இருக்கிறது. பி.பி. மாத்திரையை அவராகவே பாதியாகக் குறைத்திருக்கிறார், ஏனென்றால் மூச்சுப் பயிற்சி ஆரம்பித்த பிறகு அளவு நன்றாக வருகிறதாம். ஐந்து நாள் சான்றிதழ் பயிற்சி ஒன்றில் சேர்ந்து “மூவ்மென்ட் தெரபிஸ்ட்” ஆகலாமா என்றும் கேட்கிறார்.

பதில்

அன்புள்ள டீச்சர்,

கடைசிப் பக்கத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம், மாத்திரை காத்திருக்காது.

இன்று ராத்திரியிலிருந்து முழு மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வாரமே அதை எழுதிக்கொடுத்த டாக்டரைப் போய்ப் பாருங்கள். நடையும் உடற்பயிற்சியும் நிதானமான மூச்சும் ரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகள் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு நன்றாக வருகிற அந்த அளவு மாத்திரையும் சேர்ந்து காட்டும் அளவு. சில மாத்திரைகளின் வேலை நாள்கணக்கில் உடம்பில் தங்கும், அதனால் குறைத்த முதல் வாரம் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும், ஏறுவது அப்புறம்தான். இன்னும் சில வகை மாத்திரைகளைத் திடீரென்று குறைத்தால் படபடப்பும் நெஞ்சுவலியும்கூட வரலாம். புதன்கிழமைப் பயிற்சியைப் பற்றி டாக்டரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், வீட்டில் காலையும் மாலையும் எடுத்த அளவுகளைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். குறைக்க முடிந்தால் அவரே குறைப்பார். அப்புறம் ஒரு விஷயம்: பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் அரை மணி நேரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு.

குரல் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் ஈ.என்.டி. டாக்டர் ஒருமுறை ஸ்கோப் விட்டு குரல்நாணைப் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஆசிரியர்களுக்குக் குரல்நாணில் சின்னச் சின்னத் தடிப்புகள் வருவது சகஜம். பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே, ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும். இதே அறிகுறி நெஞ்செரிச்சலாலும் வரலாம், தைராய்டாலும் வரலாம், அரிதாகப் பெரிய நோயாலும் வரலாம். எதனால் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். அதுவரை பட்டறையில் சொல்லிக்கொடுத்த, தொண்டையைத் திறந்து உரக்கக் கத்தும் பயிற்சியை நிறுத்திவையுங்கள். கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் குரல்நாணுக்குச் சிரமம்தான். “பாத்ரூம் கீழ் மாடியில் இருக்கிறது, பீரியட் நடுவே போக முடியாது, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கு ஏன் அழுகை வந்தது

“நான் மனசளவில் பலவீனமானவளா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அதே சமயம் பத்து வருஷ சோகம் ஒரே மதியத்தில் வெளியேறிவிட்டது என்று பயிற்சியாளர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சோகம் உடம்பில் ஏதோ ஒரு இடத்தில் அடைந்துகிடக்கும், சரியான அசைவு செய்தால் கழன்று வெளியே வந்துவிடும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மனநல மருத்துவத்தில் அதை அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

எனக்குப் புரிந்தவரை நடந்தது இதுதான். ஒரு ஆசிரியை காலை எட்டரையிலிருந்து நாலரை வரை எதையெல்லாம் பிடித்துவைத்திருக்கிறார் என்று பாருங்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் முகத்தைப் பிடித்துவைக்க வேண்டும், குரலைப் பிடித்துவைக்க வேண்டும், கோபம், சிரிப்பு, தலைவலி, சிறுநீர் எல்லாவற்றையும்தான். வலது கை போர்டில் உயர்ந்தே இருக்கும், அந்தத் தோளும் காதும் நெருங்கியே இருக்கும். வீட்டுக்கு வந்தால் கரெக்‌ஷன் நோட்டு, கழுத்து குனிந்தே இருக்கும். இந்த நிலையில் பழகிப்போன உடம்பை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், பின்னால் ஒருத்தர் தாங்கிக்கொண்டிருக்கிறார், சும்மா சாய்ந்துகொள் என்று பத்து நிமிடம் விட்டால், அது இறுக்கத்தைத் தளர்த்தும். தளரும்போது சிலருக்குக் கொட்டாவி வரும், சிலருக்குத் தூக்கம், சிலருக்கு அழுகை. உங்களுக்கு அழுகை வந்தது. அவ்வளவுதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தனியாகச் செய்தால் வராத ஒன்று கூட்டமாகச் செய்யும்போது வருகிறது என்று நீங்கள் கவனித்திருப்பது ரொம்பச் சரி. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த உளவியலாளர் ராபின் டன்பாரின் குழு பிரேசிலில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டது. ஒரே அசைவை ஒரே தாளத்தில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது, கூட ஆடியவர்களிடம் நெருக்கமும் கூடியிருந்தது. தாளம் சேர்வது ஒரு பக்கம், உடம்பை வருத்தி ஆடுவது இன்னொரு பக்கம், இரண்டுக்கும் தனித்தனியே பலன் இருந்தது. கும்மியில் இரண்டும் இருக்கிறது. வட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து தட்டி நிமிர்ந்து தட்டுகிறார்கள், பாட்டு மூச்சை ஒரே சீராக்குகிறது, யாரும் யாரையும் மேடையில் இருந்து பார்ப்பதில்லை. “இந்த வயசுல என்ன கும்மி” என்று வீட்டில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நம்மூரில் பொங்கலுக்கும் முளைப்பாரிக்கும் எல்லா வயதுப் பெண்களும்தானே கும்மியடித்தார்கள்.

தோழி விஷயம்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த பகுதி இது. “அவளை எப்படியாவது திரும்ப வட்டத்துக்குள் கொண்டுவந்தால் மனசு லேசாகிவிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர் வட்டத்தை விட்டு விலகியிருப்பது பிடிவாதம் அல்ல, தன்னைக் காத்துக்கொள்கிறார். நம்பிச் சொன்ன இடத்திலிருந்தே விஷயம் வெளியே போயிருக்கிறது. அடிவாங்கும் பெண்ணுக்கு அதில் மானப் பிரச்சினை மட்டும் இல்லை. பேச்சு கணவர் காதுக்குப் போனால் அன்றைக்கு ராத்திரி என்ன நடக்கும் என்ற பயமும் இருக்கும்.

அவரிடம் தனியாக, பள்ளிக்கு வெளியே, ஒரே ஒரு முறை பேசுங்கள். “நீ சொன்னது வெளியே போனதுக்கு நான் வருத்தப்படறேன், அந்த வட்டத்தை நடத்தினவ நான்தான், பொறுப்பும் என்னுதுதான். நீ வர வேண்டாம், எதுவும் சொல்லவும் வேண்டாம். வீட்ல பயமில்லாம இருக்கியா?” இவ்வளவு போதும். யார் வெளியே சொன்னது என்ற விசாரணை இப்போது வேண்டாம், அது அவருடைய கதையை இன்னொரு சுற்று சுற்றவைக்கும். அவர் கணவரிடம் போய்ப் பேச நினைக்காதீர்கள். அவரைக் கேட்காமல் பிரின்சிபாலிடம் சொல்லாதீர்கள்.

பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், கையில் இந்த விவரங்களைக் கொடுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. மாவட்டத்தில் இருக்கும் சகி மையத்தில் மருத்துவம், சட்டம், தற்காலிகத் தங்கல் மூன்றுக்கும் ஒரே இடத்தில் வழி செய்வார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, விவாகரத்து கேட்காமலே, போலீஸ் கேஸ் போடாமலே, பாதுகாப்பு அலுவலர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும். அதே வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையையும் கேட்கலாம். புகார் கொடுத்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று பயந்தே பல பெண்கள் வாயைத் திறப்பதில்லை, அதனால் இதை அவருக்குச் சொல்லுங்கள். மனம் ரொம்பத் தாங்காமல் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எந்த எண்ணை எப்போது கூப்பிடுவது என்பது அவர் முடிவு.

வட்டத்துக்கு வருகிறேன். அந்தக் கடைசிப் பத்து நிமிடப் பகிர்தலை எடுத்துவிடுங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். சேர்ந்து அசைவதன் பலன் யாரும் வாயைத் திறக்காமலே கிடைத்துவிடுகிறது. உடம்பு தளர்ந்திருக்கும் நேரத்தில் “மனசில் என்ன இருக்கு சொல்லுங்க” என்று கேட்டால், சாதாரணமாகச் சொல்ல நினைக்காததையும் மனிதர்கள் சொல்லிவிடுவார்கள். அப்புறம் நாளைக் காலை அதே ஆட்களோடு அசெம்பிளியில் நிற்க வேண்டும். சிகிச்சை அறையில் சொன்னதை வெளியே விடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சிகிச்சை தரும் எங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஐந்தாம் வகுப்பு அறையில் உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. முடிவில் தண்ணீர் குடித்துவிட்டு, பெஞ்சைப் பழையபடி போட்டுவிட்டுக் கிளம்புங்கள். யாருக்காவது பேச வேண்டும் என்றால் தனக்கு நம்பிக்கையான ஒருத்தரிடம் தனியாகப் பேசிக்கொள்ளட்டும்.

இனி நடத்தும்போது

முழங்கால் வலிக்காரர், கர்ப்பிணி, கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர், தலைசுற்றல் உள்ளவர், இவர்கள் செய்ய முடிகிற மாதிரி ஒவ்வொரு அசைவுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வடிவம் ஒன்று வைத்திருங்கள். ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் “எதை வேண்டுமானாலும் செய்யாமல் விடலாம், காரணம் சொல்ல வேண்டாம்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஒருத்தர் ஓரமாக நிற்பது தனியாகத் தெரியாது.

நின்றே வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது குதிகால் தூக்குவதுதான். சுவரில் கை வைத்து, மெதுவாக முன்பாதத்தில் எழும்பி, இரண்டு நொடி நின்று, அதைவிட மெதுவாக இறங்குவது, இருபது தடவை. கெண்டைக்கால் சதை சுருங்கும்போதுதான் காலில் தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. சும்மா நின்றுகொண்டே இருந்தால் அது நடக்காது, அதனால்தான் சாயந்திரம் செருப்பு இறுகுகிறது. நரம்பு சுருட்டிக்கொள்வதற்கும் நீண்ட நேரம் நிற்பது ஒரு காரணம். இதை வகுப்பில் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டே செய்யலாம். அப்புறம் தாடையைத் தளர்த்துவது, தோளைக் காதுவரை தூக்கி அப்படியே விடுவது, அப்புறம் நடை, அப்புறம் கும்மி.

தொடுவதற்கு ஒவ்வொரு முறையும் கேளுங்கள். முதுகோடு முதுகு சாய்வது உங்களுக்கு நன்றாக இருந்தது, வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்குப் பின்னால் யாரோ இருப்பதே பதற்றமாக இருக்கலாம். சனிக்கிழமை ஆண் ஆசிரியர்களும் வந்தால் தொடும் பயிற்சிகள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விருப்பமில்லாத தொடுகையும் அடங்கும், பயிற்சி என்ற பெயர் அதற்கு விலக்கு ஆகாது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் பள்ளியில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கட்டாயம் என்றால் மறுக்க முடியுமா

மறுப்பதற்கு ஆதாரமாகக் கல்வி உரிமைச் சட்டம், உட்காரும் உரிமைச் சட்டம் என்று இரண்டைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டும் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கைகொடுக்காது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளிக்குள் நடக்கும் ஆசிரியர் பயிற்சியை அதில் சேர்ப்பது கஷ்டம், நிர்வாகம் அதைக் “கல்வி சார்ந்தது” என்றுதான் சொல்லும். அதே சட்டத்தின் அட்டவணையில் உள்ள வாரத்துக்கு 45 மணி நேரம் என்பதை உச்சவரம்பு என்று நினைத்திருக்கிறீர்கள். அது பாடத் தயாரிப்பையும் சேர்த்துச் சொன்ன குறைந்தபட்ச நேரம். ஆனாலும் ஒரு வழி அதில் இருக்கிறது: தயாரிப்பு நேரமும் வேலை நேரம்தான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. சனிக்கிழமை மதியத்தைப் புதிதாகக் கேட்கும்போது வாரத்தின் மொத்தக் கணக்கைப் போட்டுக் காட்ட நீங்கள் அதைப் பயன்படுத்தலாம்.

உட்காரும் உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 2021-ல் வந்தது. அது கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம், நாளெல்லாம் நின்ற ஜவுளிக்கடைப் பெண்களை மனதில் வைத்து வந்தது. வகுப்பறைக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கரஸ்பாண்டென்டிடம் பேசும்போது முன்னுதாரணமாகச் சொல்லலாம்: கடையில் நிற்பவருக்கே நாற்காலி வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது.

அதனால் சண்டையாக ஆரம்பிக்காமல் பிரின்சிபாலுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், முடிந்தால் இப்போது வரும் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு. தனியார் பள்ளியில் தனியாக ஒருத்தர் எழுதினால் அடுத்த வருட இன்கிரிமென்டில் வந்து நிற்கும் என்பது எனக்கும் தெரியும், ஆறு கையெழுத்து இருந்தால் அவ்வளவு சுலபம் இல்லை. இது பிடித்திருப்பதற்கு நன்றி சொல்லுங்கள். விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் நடத்தத் தயார், வேலை நேரத்துக்குள் ஒரு பீரியட் ஒதுக்கித் தாருங்கள், வருகைப்பதிவு வேண்டாம், போட்டோ வேண்டாம் என்று கேளுங்கள். உடல்நிலை தெரியாமல் 34 பேரைக் கட்டாயமாகக் குனியவும் குதிக்கவும் வைத்து ஒருவர் விழுந்தால் பள்ளிதான் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் மரியாதையாகக் குறிப்பிடுங்கள், நிர்வாகங்கள் அதைக் கவனமாகப் படிக்கும். ஒருவேளை பிரின்சிபால் இறங்கி வரவே இல்லை என்றால் நடத்தும் பொறுப்பை நீங்கள் ஏற்காதீர்கள். வெளியிலிருந்து தகுதியான ஒருவரை அவர்கள் அழைத்துக்கொள்ளட்டும். உங்கள் புதன்கிழமையை மட்டும் அதில் கரைத்துவிடாதீர்கள், விரும்பி வரும் ஆறு பேர் என்பதால்தான் அது வேலை செய்கிறது.

அதே கடிதத்தில் நாற்காலியையும் கேளுங்கள்

நான் உண்மையில் சொல்ல வந்தது இதைத்தான். நீங்கள் செய்த அந்த விளையாட்டுகள் பலவும் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்ற நாடக முறை வழியாக உலகமெங்கும் பரவியவை. செய்கிற வேலை மனிதனின் உடம்பைத் தனக்கேற்ப வளைத்துவிடுகிறது, முதலில் அதை உணர வேண்டும் என்பது அவர் பாடம். உணர்ந்த பிறகு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்குவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. வளைக்கிற நிலைமையை மாற்றிப் பார்க்கச் சொன்னார்.

காலெல்லாம் வலிக்கிற அளவுக்கு ஆறு பீரியட் நிற்கவைத்துவிட்டு, சனிக்கிழமை கால்வலிக்குப் பயிற்சி கொடுப்பதை எந்த டாக்டரும் சிகிச்சை என்று சொல்ல மாட்டார். வேலையால் வரும் இந்த முழுச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலில் நோயாகச் சேர்க்கவில்லை, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் விளக்கியது. அப்படியானால் உங்கள் மூச்சை மட்டும் சரிசெய்தால் போதாது.

மூன்றே மூன்று கேளுங்கள். வகுப்பறையில் நாற்காலி. குரல் போகிறவர்களுக்கு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர் மைக், ஒரு மாடிக்கு ஒன்று இருந்தாலும் போதும். பீரியட்டுகளுக்கு நடுவே ஐந்து நிமிட இடைவெளி. மூன்றாவதற்கு நிர்வாகம் சம்மதிக்கும்வரை நீங்கள் ஆறு பேரே ஏற்பாடு செய்துகொள்ள முடியும். இன்றைக்கு யாருக்கு எந்த ஃப்ரீ பீரியட் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டாஃப் ரூம் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், பக்கத்து வகுப்பு வாசலில் ஐந்து நிமிடம் நின்றுகொண்டால் உள்ளே இருப்பவர் கீழே போய்வந்துவிடலாம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் சிறுநீர்த் தொற்று வந்து, அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, காய்ச்சலோடு கிளாஸ் எடுத்த ஆசிரியைகளை எனக்குத் தெரியும். கூட்டாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்று பட்டறையில் நிறையப் பேசியிருப்பீர்கள், உங்கள் பள்ளியில் அது அந்த அலமாரிக் கதவில் இருந்துதான் தொடங்கும் என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் பயிற்சி

போகலாம், உங்களுக்கு இதில் கை வந்திருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் “தெரபிஸ்ட்” என்று போட்டுக்கொள்ளாதீர்கள். நடன அசைவு சிகிச்சை என்பது தனித் துறை. 1940-களில் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் நோயாளிகளோடு ஆடியதில் தொடங்கி வளர்ந்தது, அமெரிக்காவில் அதற்கான சங்கம் 1966-ல் உருவானது. நம் நாட்டில் மும்பையின் டாட்டா சமூக அறிவியல் கழகம் கொல்கத்தா சன்வேத் அமைப்போடு சேர்ந்து டிப்ளமோ நடத்தியிருக்கிறது. அப்படிப்பட்ட படிப்புகளில் மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் நீண்ட நாள் வேலை செய்துதான் தகுதி பெறுகிறார்கள். ஐந்து நாளில் நல்ல விளையாட்டுகள் பலவும் கற்றுக்கொள்ளலாம், சிகிச்சை கற்றுக்கொள்ள முடியாது.

பணம் கட்டும் முன் நடத்துபவருக்கு போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். உடல்நிலை பற்றி முன்கூட்டியே விசாரிப்பீர்களா? நடுவில் ஒருவர் உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள்? நிறுத்துவோம், அவரைத் தனியாகக் கவனிக்க ஒருவர் இருக்கிறார், தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவது என்றும் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் சேருங்கள். “அழட்டும், வெளியே வந்தா நல்லதுதானே” என்பது மட்டும்தான் பதில் என்றால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.